நாற்பத்தோரு வரி

பிர்னோவில் டிசம்பர்.
சைக்கிள் பழுதுபார்க்கும் கடைக்கு மேல் எங்கள் அறை.
கீழே யாரோ ஸ்போக் முறுக்குகிறார்கள்.
மேலே மூன்று பேர், ஒரு ஹீட்டர்,
திரையில் பதினெட்டு சிவப்புப் புள்ளிகள்.

நாங்கள் செய்வது ஒரு கருவி.
அடுத்தவர் எழுதிய நிரலை மென்பொருளாகக் கட்டியெழுப்பும் கருவி.
அது எழாவிட்டால் எதுவும் எழாது:
மருத்துவமனையின் டோக்கன் எண்,
டிராம் நிறுத்தத்தின் நேரப்பலகை,
ஓலமோவ்ட்ஸில் ஒரு பூக்கடையின் கணக்கு.

இன்று காலை அது எழவில்லை.

காரணம் சிறியது.
கோப்புப் பாதையில் சாய்கோடு இரண்டு விழுந்துவிட்டால்
ஒன்றாக்கித் தரும் ஒரு பொதி.
நாற்பத்தோரு வரி.
எழுதியவன் பெயர் எலிசேயோ,
சிலியில், வால்திவியாவில் இருக்கிறான்.
நேற்றிரவு அதை எடுத்துவிட்டான்.
ஏன் என்று சொல்லவில்லை.
சொல்ல வேண்டிய கடனும் அவனுக்கில்லை;
நாங்கள் ஒரு காசு கொடுத்ததில்லை,
ஒரு நன்றிகூட.

ஸ்பின்யெக் மேசையைத் தட்டினான்:
"சூளை கட்டுகிறவன்
அடுத்த ஊர்ச் சூளையை நம்பியா செங்கல் அடுக்குவான்?
எல்லாவற்றையும் நாமே எழுதுவோம்.
வெறுங்கையோடு எழுந்து நிற்கட்டும் இது."

லிபுஷெ பூண்டு சூப்பை ஊதிக்கொண்டே
"நாட்காட்டியும் நாமே எழுதியதுதானே" என்றாள்.
அவ்வளவுதான்.
அவன் காதுமடல் சிவந்தது.
அவன் எழுதிய நிரலில்
பிப்ரவரி இருபத்தொன்பது என்றொரு நாளே இல்லை.
அந்த லீப் வருடத்தில் எழுபது வாடிக்கையாளர்
வெளியே பிப்ரவரி இருக்க
மார்ச் மாதத்தில் கண்விழித்தார்கள்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.
மூன்றாமவளாக இருப்பதன் தொல்லை இதுதான்.

எண்ணிப் பார்த்தேன்.
நாங்கள் வாங்கியது ஒன்பது பொதி.
அந்த ஒன்பதும் வாங்கியது அறுபத்திரண்டு.
அந்த அறுபத்திரண்டும் யாரிடமெல்லாமோ,
முந்நூறைத் தாண்டியதும் எண்ணுவதை நிறுத்தினேன்.
ஊரான் வீட்டு நெய் என்று
ஊற்றிக்கொண்டே வந்திருக்கிறோம்.
வெட்கம் எதில் என்றால்,
பொதிகளை இறக்கிவைக்கும் எங்கள் கருவிக்கு
கையே ஒரு பொதியாகத்தான் வந்து இறங்க வேண்டியிருந்தது.

அவர்கள் போன பிறகு
பழைய நகலில் அந்த நாற்பத்தோரு வரியையும்
முதல் தடவையாகப் படித்தேன்.
மூன்று வருடமாக எங்களைத் தாங்கிய சுவர்.
பதினேழாவது வரியின் ஓரத்தில் ஸ்பானிய மொழியில் ஒரு குறிப்பு:
இங்கே எனக்கே நிச்சயமில்லை.

காலையில் சொன்னேன்.
இந்த நாற்பத்தோரு வரியை வீட்டுக்குள் கொண்டுவருவோம்,
மேலே அவன் பெயர் அப்படியே இருக்கட்டும்.
எழுத்துக்கு வண்ணம் பூசும் பொதி வேண்டாம், கறுப்பே போதும்.
மறையாக்கம் வெளியிலிருந்தே வரட்டும்,
பூட்டை நாமே செய்தால் சிரிக்கப்போவது திருடன்.
ஆனால் எந்தப் பதிப்பு என்று கைரேகை வாங்கிக்கொண்டு.
மிச்சம் ஆறு.
அவற்றைப் பற்றி எனக்குத் தெரியவில்லை.

"இதற்குப் பெயர் முடிவா?" என்றான் ஸ்பின்யெக்.
"உள்ளே வந்ததை யார் பார்த்துக்கொள்வது?" என்றாள் லிபுஷெ.
ஹீட்டர் மட்டும் ஒத்துக்கொண்டதுபோல் டக்கென்றது.

எலிசேயோவுக்கு எழுதினேன்:
உங்கள் வரிகளை வைத்துக்கொள்கிறோம்,
உரிமம் அனுமதிக்கிறது, இருந்தாலும் கேட்கிறேன்.
நாலு நாள் கழித்துப் பதில் வந்தது.

வைத்துக்கொள்ளுங்கள்.
பதினேழாவது வரி தவறு.
ஆறு வருடமாகத் தெரியும்.
யாரும் கேட்டதில்லை.

கீழே சரிசெய்த சக்கரம் ஒன்றைச்
சுழற்றிவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.
பதினேழாவது வரியைத் திறந்தேன்.
இனி அது எங்கள் தவறு.
ஸ்பின்யெக் ஒன்றும் சொல்லாமல்
நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டான்.